யமுனையின் நீர்மட்டமும் கணிப்பொறியும்

நொய்டாவிலும் குருகிராமிலும் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பேச்சு அடிபடுகிறது. 'ஈவென்ட் வரலை', 'க்யூ நிரம்பிடுச்சு', 'சென்சார் டேட்டா லேட்டா வருது' என்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது என்ன வேலை என்று பெற்றோருக்குப் புரிவதில்லை; விளக்கிச் சொல்லப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. தொலைத்தொடர்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் கணிப்பொறிப் பாடம் எடுத்திருக்கும் நம் மாணவர்களுக்கும் இது பயன்படலாம்.

டில்லியில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தப் பாடத்தின் முதல் பகுதி ஏற்கெனவே தெரியும். பல பேட்டைகளில் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளைதான். எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் குழாயைத் திருகிப் பார்ப்பது ஒரு வழி. குழாயைத் திறந்தே வைத்து, அடியில் காலித் தகர வாளியை வைத்துவிட்டுப் படுப்பது இன்னொரு வழி. தண்ணீர் விழும் ஓசை நம்மை எழுப்பிவிடும். முதல் வழியில் நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இரண்டாவதில் தண்ணீரே வந்து சொல்கிறது. கணிப்பொறியிலும் இதே இரண்டு முறைகள்தான். இரண்டாவதை 'நிகழ்வு வழிக் கணிப்பு' என்று சொல்லலாம். ஒன்று நிகழ்ந்தால் மட்டும் நிரல் விழித்து, தன் வேலையைச் செய்துவிட்டு மறுபடி உறங்கும்.

வாளி வைத்துப் படுத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். குழாய் முதலில் வெறும் காற்றைத் துப்பும். அந்தச் சீறலைக் கேட்டு எழுந்தவருக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். எது நிகழ்வு, எது வெறும் சத்தம் என்று பிரிப்பதே இந்தத் துறையின் கடினமான பகுதி. கருவிகளை இணைப்பது அத்தனை கடினமில்லை.

இதைக் கற்க நம் ஊரிலேயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜமுனா பாரில் வசிப்பவர்கள் 'லோஹே கா புல்' என்று சொல்லும் பழைய ரயில் பாலம்தான் அது. ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம். 1958-ல் மத்திய நீர் ஆணையம் நம் நாட்டில் அறிவியல் முறையிலான வெள்ள முன்னறிவிப்பைத் தொடங்கியபோது, முதல் நிலையம் அமைந்தது இந்தப் பாலத்தில்தான். அந்நாளில் ஆற்றில் நட்ட அளவுகோலை ஓர் ஆள் பார்த்து எழுதி வயர்லெஸ்ஸில் சொல்வார். இப்போது நாட்டின் பல நிலையங்களில் தானியங்கிக் கருவிகள் நீர்மட்டத்தை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன.

பாலத்தில் கடல்மட்டத்திலிருந்து 204.50 மீட்டர் என்பது எச்சரிக்கை அளவு. 205.33 மீட்டர் அபாய அளவு. 206 மீட்டரை எட்டினால் கரையோர மக்களை வெளியேற்ற வேண்டும். மணிக்கு ஒரு முறை அளந்தாலே ஆண்டுக்கு 8,760 எண்கள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை 'நேற்றைப் போலத்தான் இருக்கிறேன்' என்று ஆறு சொல்லும் எண்கள். அவற்றைச் சேமித்து வைக்க வேண்டும், ஆனால் அவற்றுக்காக யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. எண் ஒரு கோட்டைத் தாண்டும்போதுதான் அது நிகழ்வாகிறது.

பாலத்தில் கோட்டைத் தாண்டியபின் தெரிந்துகொண்டால் போதாது என்பதால் மேலே போய்ப் பார்க்கிறார்கள். டில்லிக்கு வடக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால், ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் ஹத்னிகுண்ட் தடுப்பணை இருக்கிறது. அங்கே வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தால் டில்லிக்கு முதல் எச்சரிக்கை. 3 லட்சத்தைத் தாண்டினால் இரண்டாவது, 5 லட்சத்தைத் தாண்டினால் மூன்றாவது. 1 லட்சம் கன அடி என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 28 லட்சம் லிட்டர்! 'ஹரியானாக்காரர்கள் திறந்துவிட்டார்கள்' என்று ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் பேசிக்கொள்வோம். ஹத்னிகுண்ட் நீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல. வாய்க்கால்களுக்கு நீரைத் திருப்பும் தடுப்பு மட்டுமே. வெள்ளம் வந்தால் அதைக் கீழே விடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அந்த நீர் டில்லி வந்து சேரச் சாதாரணமாக இரண்டு, மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். கருவியும் கணிப்பொறியும் பாடுபடுவதெல்லாம் அதில் ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் இருக்கத்தான்.

'3 லட்சத்தைத் தாண்டியது' என்ற ஒரே செய்தி எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மதகுகளைக் கவனிக்க வேண்டும். மாவட்ட அதிகாரிகளுக்குப் படகும் கூடாரமும் ஏற்பாடு செய்ய வேண்டும். ரயில்வேக்கு, பாலத்தில் வண்டிகளை நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஜல் போர்டுக்குச் சுத்திகரிப்பு நிலையங்களைக் காப்பாற்ற வேண்டும். ஹத்னிகுண்டில் இருக்கும் கருவி இவர்கள் அத்தனை பேரின் முகவரியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிடுவது நடக்கிற காரியமா?

நம் ஊர்ப்பக்கம் தண்டோரா போடுபவர் வீடு வீடாகக் கதவைத் தட்ட மாட்டார். முச்சந்தியில் நின்று பறையடித்துச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வேண்டியவர் கேட்டுக்கொள்வார், கேட்டவர் அவரவர் வேலையைப் பார்ப்பார். கணிப்பொறி வலையிலும் இப்படி ஒரு முச்சந்தி உண்டு. அதற்குத் 'தரகன்' என்று பொருள்படும் புரோக்கர் என்ற பெயர். கருவி ஒரு தலைப்பின்கீழ்ச் செய்தியை அங்கே போட்டுவிடும். அந்தத் தலைப்புக்குச் சந்தா கட்டிய நிரல்களுக்கெல்லாம் பிரதி போகும். நாளைக்குப் புதிதாக ஒரு துறை சேர்ந்தாலும் ஹத்னிகுண்ட் கருவியில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம்.

இதற்கென்று வழக்கத்தில் இருக்கும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறையை 1999-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்பவரும் உருவாக்கினார்கள். பாலைவனத்தில் செல்லும் எண்ணெய்க் குழாய்களின் நிலையைச் செயற்கைக்கோள் வழியாக அறிவதுதான் அப்போதைய தேவை. செயற்கைக்கோள் தொடர்புக்குச் செலவு அதிகம், கருவியின் மின்கலமோ சிறியது. ஆகவே தந்தி கொடுப்பவரைப் போலச் சொற்சிக்கனம் பார்த்து அமைத்த முறை இது. இன்று வீட்டு விளக்கிலிருந்து தொழிற்சாலைவரை இதைக் காணலாம். செய்தியைப் பெறும் பக்கத்திலும் மாற்றம் வந்தது. 2014-ல் அமேசான் நிறுவனம் 'லாம்டா' என்ற சேவையைக் கொண்டுவந்தது. செய்தி வந்தால் மட்டும் ஒரு சிறு நிரல் ஓடும்; ஓடிய நேரத்துக்கு மட்டும் வாடகை. ஆண்டில் பத்து மாதம் சும்மா கிடக்கும் வெள்ள எச்சரிக்கை போன்ற வேலைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது எளிய பகுதி. இனிமேல்தான் சிக்கல்.

2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்டில் உச்சமாக 8.28 லட்சம் கன அடி போயிற்று. டில்லி பாலத்தில் நீர்மட்டம் 206.60 மீட்டரோடு நின்றது. 2023 ஜூலை 11-ல் உச்சம் 3.59 லட்சம்தான், பாதிகூட இல்லை. ஆனால் ஜூலை 12-ல் நீர்மட்டம், 1978-ல் பதிவான 207.49 மீட்டர் என்ற பழைய சாதனை அளவைத் தாண்டியது. 13-ஆம் தேதி 208.66 மீட்டரில் போய் நின்றது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஊரைச் சுற்றி வெள்ளம், குழாயில் தண்ணீர் இல்லை! இந்திரப்பிரஸ்தா பக்கம் ஒரு வடிகாலின் மதகு உடைந்து, ஐ.டி.ஓ. சாலையும் உச்ச நீதிமன்றத்தின் அருகாமையும்கூட நீரில் மூழ்கின. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தாழ்வான இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மயூர் விகாரில் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், சாலையோரம் கூடாரங்கள் வரிசையாக நின்றன. கட்டிலும் சைக்கிளும் எருமைகளும் சாலையில். ஆற்றுப் படுகையில் முள்ளங்கியும் கீரையும் பயிரிட்டு நமக்கு விற்கிறார்களே, அந்தக் குடும்பங்கள்தான்.

பாதிக்கும் குறைவான நீர் எப்படி இரண்டு மீட்டர் அதிகமாக ஏறியது? பல காரணங்கள் பேசப்பட்டன. அதிக ஓட்டம் பல மணி நேரம் தொடர்ந்தது. ஜூலை 9 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் மட்டும் 153 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. படுகையில் வண்டல் மேடிட்டிருந்தது. ஆக்கிரமிப்புகளால் ஆற்றின் அகலம் சுருங்கியிருந்தது. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் 5 திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தன.

பாடம் படிப்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். 'எண் இவ்வளவைத் தாண்டினால் மணியடி' என்ற ஒற்றை விதி, 2019-ஐயும் 2023-ஐயும் சரியாகப் பிரித்துக் காட்டாது. மூன்று லட்சக் கோட்டின்படி இரண்டாம் எச்சரிக்கைக்கு உரிய வெள்ளம்தான் நாற்பத்தைந்து ஆண்டுச் சாதனையை முறியடித்தது. ஓட்டத்தின் அளவு, அது நீடித்த நேரம், டில்லியில் பெய்த மழை, மதகுகளின் நிலை என்று பல செய்திகளைச் சேர்த்து நோக்கும்போதுதான் உண்மையான நிகழ்வு பிடிபடும். 'மதகு திறக்கவில்லை' என்பதும் கருவி சொல்லத்தக்க ஒரு செய்திதானே? மதகில் ஒரு உணர்கருவியைப் பொருத்துவது பெரிய விஞ்ஞானம் அல்ல. அதற்கு யார் சந்தா கட்டுவது, செய்தி வந்தால் எந்த மாநில அலுவலகத்தில் யார் எழுந்து போவது என்பதை எந்த மென்பொருளும் தீர்மானித்துத் தராது.

இனி ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் கற்பனை. பாலத்திலிருந்து வரிசையாக 205.28, 205.34, 205.31, 205.35, 205.32, 205.36, 205.41 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அலை அடித்தாலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி இறங்கும். '205.33-ஐத் தாண்டினால் அபாயம், குறைந்தால் அபாயம் நீங்கிற்று' என்று விதி எழுதினால் மூன்று முறை அபாயச் சங்கும், இடையில் இரண்டு முறை 'ஒன்றுமில்லை' என்ற அறிவிப்பும் போகும். நான்காவது முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள். புலி வருகிறது கதைதான்! ஆகவே ஏறுவதற்கு ஒரு கோடு, இறங்குவதற்கு வேறு கோடு வைப்பார்கள். 205.33-ல் அபாயம் அறிவித்தால், 205.20-க்குக் கீழே போன பிறகுதான் விலக்குவது என்று வையுங்கள். ஏழு எண்களுக்கும் சேர்த்து ஒரே சங்கு. இஸ்திரிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் இப்படித்தான் அணைந்து எரிகின்றன. இந்த விதிக்கு நிரல் சென்ற முறை என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவில்லாத நிரல் ஒவ்வொரு எண்ணையும் புதிதாகப் பிறந்ததாகவே பார்க்கும்.

செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. அனுப்பிய கருவிக்கு 'கிடைத்தது' என்ற பதில் வழியில் தொலைந்துபோனால் அது மறுபடி அனுப்பும். மணியார்டர் ரசீது வரவில்லை என்று ஊரிலிருந்து மகன் இரண்டாம் முறையும் பணம் அனுப்புவது போல. அதனால் ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண்ணும், அளந்த நேரமும் இருக்க வேண்டும். ஒரே எண் மறுபடி வந்தால் நிரல் பேசாமல் தள்ளிவிட வேண்டும். அளந்த நேரம் வேறு, வந்து சேர்ந்த நேரம் வேறு. இரவு 2 மணி அளவு காலை 5 மணிக்கு வந்து சேர்ந்தால் அதை 5 மணி அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு கடிதத்தின் தேதியையும் தபால் முத்திரையின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதே பழக்கம்தான்.

ஆற்றில் நீர்மட்டம் கோட்டைத் தாண்டியதும் அபாயத்தை அறிவித்துவிடலாம். காற்றில் அப்படி இல்லை. ஆர்.கே. புரம், ஆனந்த் விகார் என்று டில்லியில் பல இடங்களில் காற்றின் தரத்தை இடைவிடாமல் அளக்கும் நிலையங்கள் உள்ளன. நாற்பது நிலையங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு மாசுப்பொருளுக்கு மட்டும் நாளுக்கு 3,840 எண்கள். தெருமுனையில் ஒருவர் குப்பையைக் கொளுத்தினாலும் எண் எகிறும். எனவே ஒரு அளவை நம்பாமல், கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைப் பார்க்கிறார்கள். நேரம் நகர நகரச் சராசரியின் சாளரமும் நகரும். பழைய எண் ஒன்று வெளியே போகும், புதியது ஒன்று உள்ளே வரும். அந்தச் சராசரி வழியாக வரும் குறியீடு 200, 300, 400, 450 என்ற படிகளைத் தாண்டும்போது, லாரிகளுக்கும் கட்டட வேலைக்கும் பள்ளிகளுக்கும் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

சராசரி சத்தத்தை அடக்கும். கூடவே செய்தியைத் தாமதமும் செய்யும். தீபாவளியன்று மாலை 4 மணிக்கு வரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையைப் பாருங்கள். அது அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. அன்றிரவு பட்டாசுப் புகையில் ஆஸ்துமாக்காரர் மூச்சுத் திணறும் நேரம் அதில் வராது. மறுநாள் 4 மணிக்குத்தான் வரும். ஆகவே ஊருக்குக் கட்டுப்பாடு விதிக்கச் சராசரி சரி. இன்றிரவு பாட்டியை வெளியே விடலாமா என்று கேட்பவருக்குக் கடைசி ஒரு மணி நேர அளவுதான் வேண்டும். ஒரே கருவி, ஒரே எண்கள். யாருக்காக என்பதைப் பொறுத்து நிகழ்வு மாறுகிறது.

கடைசியாக ஒரு விஷயம். என் அனுபவத்தில் இதைத்தான் புதியவர்கள் எளிதில் மறக்கிறார்கள். 'ஒன்று நடந்தால் சொல்' என்று கருவியிடம் சொல்லிவிட்டோம். அது ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லையா, அல்லது கருவியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதா? கேட்டுக்கொண்டே இருக்கும் பழைய முறையில் பதில் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். காத்திருக்கும் முறையில் மௌனத்துக்கு இரண்டு பொருள். பெருவெள்ளத்தின்போதுதான் மின்சாரம் போகும், கோபுரம் சாயும், கம்பி அறும். செய்தி மிகவும் தேவைப்படும் நேரமும் செய்தி நின்றுபோகும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே.

இதற்கு மருந்து, கருவி குறித்த நேரத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்வது. நாடித்துடிப்பு என்று இதற்குப் பெயர். எம்.க்யூ.டி.டி. முறையில் இன்னும் சுவையான ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயரே 'உயில்'! கருவி முதன்முதலில் இணையும்போதே தரகனிடம் ஒரு செய்தியை ஒப்படைத்துவிடும்: 'நான் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டால் இதை எல்லோருக்கும் அறிவித்துவிடு.' முறையாக விடைபெற்றால் உயில் வெளியே வராது. நாடி நின்றுபோனால் தரகன் உயிலை வாசித்துவிடுவான். அப்போது மௌனமும் ஒரு நிகழ்வாகிவிடுகிறது.

ஆர்வமுள்ள மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் இ.எஸ்.பி. 32 என்ற சிறு கணிப்பொறிப் பலகையும், டி.எச்.டி. 22 என்ற வெப்ப உணர்கருவியும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 'மொஸ்கிட்டோ' என்ற தரகன் நிரல் இலவசம். வீட்டில் இருக்கும் பழைய கணிப்பொறியிலேயே ஓடும். மே, ஜூன் மாதங்களில் பால்கனியின் நிழலில் கருவியை வைத்து, 40 டிகிரியைத் தாண்டினால் ஒரு செய்தி, 38-க்குக் கீழே இறங்கினால் ஒரு செய்தி என்று எழுதுங்கள். பின்பு 38 என்ற எண்ணையும் 40 ஆக்கிப் பார்த்து, ஒரு பிற்பகலில் எத்தனை செய்தி வருகிறது என்று எண்ணுங்கள். அது முடிந்தபின் உயிலை எழுதிவைத்து, யாரிடமும் சொல்லாமல் பலகையின் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். எத்தனை வினாடியில் செய்தி வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.